டத்தோ ஓடிய ஞாயிற்றுக்கிழமை

நாச்சம்மையிடம் கல்யாணப் பேச்சை எடுப்பதற்குக் குணாளன் தேர்ந்தெடுத்த நேரம் அவ்வளவு சிலாக்கியமானதல்ல. சில்வர் என்ற வெள்ளைக் குதிரையின் பின்னங்காலைத் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, குனிந்தபடி குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். முகம் தரையைப் பார்த்திருந்தது. அதுதான் அவனுக்கு வசதி.

"புல்லு இனிமே தெனமும் வேணும்ங்க," என்றான்.

நாச்சம்மை பிக்கப்பின் பின்பக்கத்திலிருந்து நேப்பியர் புல் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். "வாரத்துக்கு மூணு தடவன்னுதானே பேச்சு?"

"புல்லுக்கு மூணு தடவ போதும். கொண்டு வர்ற ஆளுதான் தெனமும் வேணும்."

நாச்சம்மைக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போக அவனை அவள் விடுவதாக இல்லை.

"குதிரக் காலப் பாத்துப் பேசுறீங்க. குதிரகிட்ட கேக்குறீங்களா, என்கிட்டயா?"

குணாளன் காலை இறக்கிவிட்டு நிமிர்ந்தான். தொப்பியைக் கழற்றினான். காது சிவந்திருந்தது. "உங்ககிட்டதான்."

"அப்ப யோசிச்சுச் சொல்றேன்," என்று வண்டியில் ஏறினாள். கேட்டைத் தாண்டும்வரை முகத்தைக் கடுமையாக வைத்திருந்தாள். அதற்கப்புறம் முடியவில்லை. கெலாங் பாத்தா கடைத்தெரு வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

குணாளன் பதினெட்டு வருடம் சிங்கப்பூரில் பந்தயக் குதிரைகளைப் பராமரித்தவன். அங்கே பந்தயம் நின்றுபோனபோது, ஓடி ஓய்ந்த குதிரைகள் நான்கையும் ஒரு மட்டக்குதிரையையும் கொண்டுவந்து, கெலாங் பாத்தாவுக்கு வெளியே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிலம் வாடகைக்கு எடுத்துப் பண்ணை வைத்தான். சனி, ஞாயிறுகளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர்க்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து சவாரி விடுவார்கள். மனைவி புற்றுநோயில் இறந்து நான்கு வருடம் ஆகிறது. மகள் யுவனேஸ்வரிக்குப் பதின்மூன்று வயது.

நாச்சம்மை பத்து பாகாட் ஊர்ச் செட்டியார் வீட்டுப் பெண். அவள் புருஷன் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு, தொலைபேசியிலேயே விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டான். விவாகரத்து ஆனதும், "வீட்டுக்கு வந்துடு," என்றார் அண்ணன் சாத்தப்பன். அவள் வரவில்லை. எட்டு வயது மகன் சொக்கலிங்கத்தோடு, கெலாங் பாத்தாவிலேயே ஒரு துண்டு நிலத்தில் மாட்டுக்கும் குதிரைக்குமான புல் பயிரிட்டாள். "செட்டியார் வீட்டுப் பொண்ணு புல்லு விக்கிறா," என்று பத்து பாகாட்டில் பேசிக்கொண்டார்கள். அவள் காதில் அது விழுந்தது. விழுந்த வேகத்திலேயே வெளியே போய்விட்டது.

இருவருக்கும் நடுவே முதலில் புல் மட்டும்தான் இருந்தது. ஒரு நாள் கிழட்டுப் பெண்குதிரைக்கு வயிற்று வலி கண்டது. படுத்தால் உயிருக்கு ஆபத்து, நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றான் குணாளன். கால்நடை மருத்துவர் வந்து சேரும்வரை கொட்டுகிற மழையில் இருவரும் மாறி மாறி அதை நடத்தினார்கள். பேச்சே இல்லாத மனிதன் என்று நாச்சம்மை நினைத்திருந்த குணாளன், அன்று குதிரையின் காதில் ஏதேதோ கெஞ்சிக்கொண்டே நடந்தான். "போயிடாதம்மா. யாரு போனாலும் நீ போயிடாத." அதைக் கேட்டபோதுதான் அவள் மனதில் ஏதோ இடம் மாறியது.

கல்யாணப் பேச்சுக்கு மறுநாள் முருகன் கோயிலுக்குப் போய் நின்றாள். தெய்வத்திடம் சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"உனக்கே பக்கத்துக்கு ஒருத்தரா ரெண்டு பேரு நிக்கிறாங்க. எனக்கு ரெண்டாவதா ஒருத்தர் வந்தா, நீ எதுவும் சொல்லக்கூடாது. சரியா?"

முருகன் எதுவும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு நேராகப் பண்ணைக்குப் போய், "சரி," என்று குணாளனிடம் சொன்னாள்.

இவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று உண்டு. குணாளன் குதிரைக் காலைப் பார்த்துப் பேசிய அன்று, வைக்கோல் அடுக்கின்மேல் மகள் யுவா படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனையையும் கேட்டுவிட்டாள்.

யுவாவுக்கும் சொக்குவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. அம்மாவோடு புல் வண்டியில் வரும்போதெல்லாம் சொக்கு மட்டக்குதிரையைத் தொட ஆசைப்படுவான், யுவா விடமாட்டாள். பல் துலக்காத பையன்களை அது மோப்பம் பிடித்துக் கடிக்கும் என்று பயமுறுத்தி வைத்திருந்தாள். பதிலுக்கு அவன் அவள் சைக்கிள் டயரில் காற்றை இறக்கிவிடுவான். அப்படிப்பட்டவனைத் தேடி, அடுத்த தடவை வண்டி வந்ததும், யுவா தானாகவே போனாள்.

"டேய், விஷயம் தெரியுமா? உங்கம்மாவும் எங்கப்பாவும் கல்யாணம் கட்டிக்கப் போறாங்க."

சொக்கு வாயிலிருந்த மிட்டாயை விழுங்கிவிட்டான். "அலமாக்! அப்ப நீ எனக்கு அக்காவா?"

"சீ! அதுக்குத்தான் சொல்றேன். நிறுத்தணும்லா. நீ உதவி பண்ணா டத்தோவத் தொட விடுறேன்."

டத்தோ என்பது அந்த மட்டக்குதிரையின் பெயர். குட்டையான கால், பெரிய வயிறு, யாருக்கும் வழிவிடாத நடை. ஐந்து வருடத்துக்கு முன் யுவாவின் அம்மா அதை அவளுக்கு வாங்கியபோது, பார்த்த உடனே வைத்த பெயர்.

அன்றே உடன்படிக்கை ஆனது. முதல் தாக்குதல் யுவாவுடையது. புல் இறக்க வந்த நாச்சம்மையிடம் போய், மிகவும் வருத்தமான முகத்தோடு சொன்னாள்: "ஆன்ட்டி, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எங்கப்பா பயங்கரமா கொறட்ட விடுவாரு. குதிரையெல்லாம் முழிச்சுக்கும்."

நாச்சம்மை தூக்கிய புல் கட்டைக் கீழே வைத்தாள். "சொக்குவோட அப்பா சத்தமே போடமாட்டாரும்மா. சத்தம் போடாமலேயே போயிட்டாரு. கொறட்ட கேட்டா ஆளு வீட்லதான் இருக்காருன்னு நிம்மதியா தூங்கலாம்ல?"

யுவா வெடுக்கென்று திரும்பி நடந்தாள். கோபம் வந்தது. நாச்சம்மை மேல் கோபப்பட முடியவில்லையே என்றுதான் அந்தக் கோபம்.

சொக்கு குணாளனிடம் போனான். "அங்கிள், எங்கம்மாவுக்கு ரொம்பக் கோவம் வரும். கோவம் வந்தா கரண்டிய வீசுவாங்க."

"குறி தப்புமா?"

சொக்கு யோசித்தான். அம்மாவை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. "தப்பாது."

"நல்லது. எங்க பண்ணையில குரங்குத் தொல்ல அதிகம்," என்றான் குணாளன்.

இரண்டும் பலிக்காததால், பெரிய திட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார்கள். அன்றுதான் சாத்தப்பன் பண்ணையைப் பார்க்க வருகிறார். பத்து பாகாட்டில் துணிக்கடை வைத்திருப்பவர். ஊரில் எந்தச் சங்கத்துக்கும் தலைவராக நிற்பவர். அடுத்த வருடமாவது தனக்கு சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம் கிடைத்துவிடும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். தங்கையின் இரண்டாம் கல்யாணத்தில் அவருக்குத் துளியும் விருப்பமில்லை. 'நம்ம ஆளுங்க இல்ல, தொழிலும் சரியில்ல' என்று தொலைபேசியிலேயே தீர்ப்பு எழுதியிருந்தார். வருவது தீர்ப்பை வாசித்துக் காட்டுவதற்கு.

"மாமா கோவப்பட்டா கல்யாணம் கேன்சல்," என்றான் சொக்கு. "டத்தோவத் தெறந்து விடலாம். அது நேரா சாப்பாட்டத் தேடித்தான் போகும்."

ஞாயிற்றுக்கிழமை சாத்தப்பன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில், புதுக் காடியின் கதவைத் திறந்து இறங்கினார். கால் வைத்த இடம் சரியில்லை. முகம் சுளித்து, செருப்பைப் புல்லில் தேய்த்தார். முன்வாசல் கூரையடியில் நாற்காலிகள் போட்டு, மேசையில் நாச்சம்மை தட்டு அடுக்கியிருந்தாள்: ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை, லட்டு.

"பசியாறிட்டு வந்தீங்களாண்ணே?" என்று குணாளன் கேட்டான்.

"நான் பசியாற வரல. பேச வந்தேன்," என்றார் சாத்தப்பன். தொண்டையைச் செருமினார். தீர்ப்பின் முதல் வரி வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது குதிரைக் கொட்டகைப் பக்கமிருந்து மட்டக்குதிரையின் பெரிய வயிறு தெரிந்தது. குணாளன் துள்ளி எழுந்தான்.

"ஐயோ, டத்தோ வராரு!"

சாத்தப்பன் சட்டென்று எழுந்து, சட்டையை நீவிவிட்டு, முகத்தில் புன்னகையை வரவழைத்துக்கொண்டு திரும்பினார். டத்தோ அவரைத் தாண்டி மேசைக்குப் போய் ஆப்பிளில் வாய் வைத்தது.

"இதுவா டத்தோ?"

"பேருதாண்ணே," என்றாள் நாச்சம்மை. சிரிப்பை அடக்கியதில் அவள் குரல் கீச்சிட்டது.

ஆப்பிள் முடிந்தது. வெற்றிலை முடிந்தது. லட்டை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டது. அடுத்து சாத்தப்பனின் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தது. அவர் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். "விடு! ஏய், விடுன்னு சொல்றேன்ல!" என்று அவர் போட்ட சத்தத்தில் மிரண்டு, துண்டோடு திரும்பிப் பாய்ந்தது.

திட்டத்தில் இல்லாத ஒன்று அப்போது நடந்தது. மாமாவின் காடி உள்ளே வந்தபோது சொக்குதான் கேட்டைத் திறந்துவிட்டான். மூட மறந்துவிட்டான். டத்தோ கேட்டைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடி மறைந்தது. அந்தத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகிற சாலை. பகல் முழுக்க கன்டெய்னர் லோரிகள்.

கொட்டகை மறைவிலிருந்த யுவா வெளியே வந்தாள். யாரிடமும் சொல்லாமல் ஓடினாள். சொக்கு பின்னாலேயே ஓடினான்.

மழை பிடித்துக்கொண்டது. காய்ந்த மட்டைகளில் கால் இடற, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். சாலை வரைக்கும் அது போகவில்லை. அதற்கு முன்னால் இருந்த வடிகாலில் சறுக்கி விழுந்து, வயிறு வரை சேற்றில் புதைந்து நின்றது. வாயிலிருந்த மாமாவின் துண்டு இப்போது கழுத்தில் சுற்றிக் கிடந்தது. திமிறத் திமிற இன்னும் இறங்கியது.

யுவா வடிகால் ஓரத்தில் மண்டியிட்டு அதன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஓடிப்போய் எங்கப்பாவக் கூட்டிட்டு வா!"

"நீ தனியா இருப்பியே?"

"போடா!"

சொக்கு போகவில்லை. யோசித்து, கை இரண்டையும் வாயில் குவித்து, "அம்மா! அங்கிள்!" என்று கத்தினான். பண்ணைப் பக்கமிருந்து பதில் குரல் கேட்டது. பிறகு அவனும் மண்டியிட்டுக் கயிற்றைப் பிடித்தான். டத்தோ தன் ஈரமான மூக்கை அவன் கையில் வைத்தது. கடிக்கவில்லை.

யுவா அழுதுகொண்டிருந்தாள். "இது எங்கம்மா வாங்கிக் குடுத்தது. இதுவும் போயிட்டா அம்மாவோடது எதுவுமே இல்ல. உங்கம்மா வந்தா அம்மா படத்தக்கூட எறக்கிடுவாங்க."

"எங்கம்மா அப்படியெல்லாம் பண்ணமாட்டாங்க," என்றான் சொக்கு. கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு சொன்னான்: "எங்கப்பா திரும்பி வந்தா எடம் இருக்காதுன்னுதான் நான் உன்கூட சேந்தேன்."

"வருவாரா?"

"வரமாட்டாரு. எனக்குத் தெரியும். அம்மாகிட்ட சொல்லிடாத, அவங்க நான் நம்புறேன்னு நெனச்சிட்டிருக்காங்க."

யுவா ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தாள். அது அவன் கண்ணையும் மூக்கையும் மறைத்தது.

பிக்கப் வந்து நின்றது. குணாளன் குதித்து வடிகாலில் இறங்கினான். நாச்சம்மை பின்பக்கத்திலிருந்து, காலையில் இறக்காமல் விட்டிருந்த புல் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தாள். குணாளன் அவற்றை மட்டக்குதிரையின் முன்னங்காலடியில் திணித்து மிதித்தான். கயிறு கட்டியாயிற்று. ஆனால் பின்னாலிருந்து தள்ள ஆள் வேண்டும்.

குணாளனும் நாச்சம்மையும் ஒரே நேரத்தில் சாத்தப்பனைப் பார்த்தார்கள்.

"என்ன, என்னப் பாக்குறீங்க?" என்றார் அவர், வண்டிக்குள் குடையோடு உட்கார்ந்தபடி. பிறகு வடிகால் ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினார். டத்தோவின் பின்புறத்தில் தோளைக் கொடுத்தார்.

"முருகா!" என்று தள்ளினார். எல்லாரும் இழுத்தார்கள். சேறு ஒரு பெரிய முத்தச் சத்தத்தோடு விட்டது. டத்தோ புல் கட்டில் கால் ஊன்றி ஒரே தாவலில் மேலே வந்தது. முட்டுக்கொடுத்திருந்தது இல்லாமல் போனதால் சாத்தப்பன் முகம் குப்புற விழுந்தார்.

எழுந்தபோது அவரிடம் வெள்ளை என்று சொல்லப் பல் மட்டும்தான் மிச்சமிருந்தது.

"யாரு அதத் தெறந்து விட்டது?" என்றார்.

"நான்தான்," என்றாள் யுவா.

"பொய்! நான்தான் மாமா," என்றான் சொக்கு. "ஐடியாவே என்னோடது."

"அவனுக்கு எட்டு வயசு, அவனுக்கு என்னா தெரியும்? நான்தான் தாப்பாளத் தூக்குனேன்."

"கேட்ட மூடாம விட்டது நான்தான்!"

"நீ வாய மூடுடா!"

"நீ மூடு!"

இரண்டும் குற்றத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளச் சண்டை போடுவதைச் சாத்தப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். சின்ன வயதில் நாச்சம்மை உடைத்த கண்ணாடிச் சாமான்கள் பலவற்றுக்கு அவர் அடி வாங்கியதுண்டு. அது அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ.

"இதுங்க ரெண்டும் ஏற்கெனவே கூடப் பொறந்தாச்சு," என்றார். "இதுல நான் என்னத்தப் பேசறது?"

பண்ணைக் கொட்டகையில் குதிரை குளிப்பாட்டும் குழாயில் அவரைக் கழுவினார்கள். குணாளனின் கைலியும், குதிரைப் படம் போட்ட பனியனும் அணிந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்தார். டத்தோ வேண்டாமென்று விட்ட லட்டை எடுத்துக் கடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"குணாளன், என் தங்கச்சிய ஒருத்தன் விட்டுட்டுப் போயிட்டான். அப்ப நான் ஊர்ல தலை நிமிந்து நடக்கல. அவளுக்காகன்னு நெனச்சேன், எனக்காகத்தான் போல. நீ எப்படி? கூடவே இருப்பியா?"

குணாளன் அவர் கண்ணைப் பார்த்தான். குனிந்துகொள்ள அங்கே குதிரைக் கால் எதுவும் இல்லை.

"எனக்குப் பேச வராதுண்ணே. என் சம்சாரம் சீக்கா கெடந்தப்போ, ஒருநாள் விடாம பக்கத்துல இருந்தேன். அப்புறம் கடவுள் மேல கோவமா இருந்தேன், கோயில் பக்கமே போகல. குதிரைக்கு வயித்து வலி வந்த அன்னைக்கி இவங்க மழையில நடந்தாங்க. போறதா இருந்தா போயிருக்கலாம், புல்லு எறக்கியாச்சு. போகல. அன்னைக்கித்தான் திரும்ப கும்பிட்டேன். நானும் போகமாட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சாத்தப்பன் இன்னொரு லட்டை எடுத்தார். நாச்சம்மை சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அதோடு பிள்ளைகள் தப்பிக்கவில்லை. ஒரு மாதம் தினமும் இருவரும் சேர்ந்து கொட்டகையைக் கூட்டி அள்ள வேண்டும் என்று தண்டனை வந்தது. முதல் வாரம் பேசாமல் அள்ளினார்கள். இரண்டாம் வாரம், யார் வேகமாகத் தள்ளுவண்டியை ஓட்டுவது என்று பந்தயம் வைத்தார்கள். மூன்றாம் வாரம், அதில் ஒருவரை உட்காரவைத்து இன்னொருவர் தள்ளினார். தண்டனை முடிந்த பிறகும் இருவரும் நிறுத்தவில்லை.

கல்யாணம் கெலாங் பாத்தா முருகன் கோயிலில் எளிமையாக நடந்தது. பத்து பாகாட்டிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களைச் சாத்தப்பனே கூட்டிவந்து, யாராவது வாயைத் திறப்பதற்கு முன்பே, "மாப்பிள்ள குதிரப் பண்ண வச்சிருக்காரு, தெரியும்லா?" என்று அவரே ஆரம்பித்தார். தாலி கட்டும்போது குணாளனுக்கு முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. "குதிரக்கி முடிச்சுப் போடுற கைதானே, என்னா இப்படி?" என்று நாச்சம்மை கிசுகிசுத்தாள். அவன் சிரித்ததில் மூன்றாம் முடிச்சு சரியாக விழுந்தது.

பண்ணை வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், கூடத்தில் மாட்டியிருந்த யுவாவின் அம்மா படத்தின் முன் நின்றதுதான். யுவா கதவோரத்தில் விறைத்துக்கொண்டு நின்றாள். நாச்சம்மை தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியை அறுத்துப் படத்துக்குச் சுற்றினாள்.

"நானும் இங்கதான் இருக்கப்போறேன். கொஞ்சம் இந்தப் பொண்ணுக்கு என்னா புடிக்கும்னு எனக்குச் சொல்லிக் குடு," என்று படத்திடம் சொன்னாள். கோயிலில் பேசுகிற அதே தொனிதான்.

"பருப்புக் கறியும் வறுத்த நெத்திலியும்," என்றாள் யுவா, கதவோரத்திலிருந்தே.

சொக்குவுக்குத்தான் வேறொரு சிக்கல். குணாளனை 'அங்கிள்' என்றால் மாமா முறைக்கிறார். 'அப்பா' என்று சொல்ல நாக்கு வரவில்லை. யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவனாகவே யோசித்து, 'பாஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தான். குணாளன் அதற்கும் ஒழுங்காகத் திரும்பிப் பார்த்தான்.

கல்யாணமாகி இரண்டு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை சொக்கு முதல்முறையாக சில்வர் மேல் ஏறினான். குணாளன் கயிற்றைப் பிடித்திருந்தான். பாதி வட்டம் நன்றாகப் போனது. எங்கிருந்தோ ஒரு குரங்கு கூரைத் தகரத்தில் குதிக்க, சில்வர் பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்தது. பையன் சேணத்திலிருந்து சரிந்தான்.

"ப்பா!" என்று அலறினான்.

தரையில் விழுவதற்கு முன் குணாளன் அவனை நெஞ்சோடு பிடித்துவிட்டான். வேலியில் உட்கார்ந்திருந்த யுவா எட்டிப் பார்த்தாள். கேட்டதை யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. குணாளன் மட்டும் அவனை இறக்கிவிட மறந்து அப்படியே நின்றான்.

"அடி பட்டுச்சாடா?"

"இல்ல," என்றான் சொக்கு, அவன் கழுத்தை விடாமல்.

"பொய் சொல்றாம்ப்பா, அழுவுறான்," என்றாள் யுவா.

"போடி!"

"அக்காவ போடிங்குறியா?" என்று வேலியிலிருந்து குதித்தாள். சொக்கு குணாளனின் கையிலிருந்து நழுவி ஓடினான். இரண்டு பேரும் கொட்டகையைச் சுற்றித் துரத்திக்கொண்டு போக, சமையலறை ஜன்னலில் நாச்சம்மையின் தலை தெரிந்தது.

"பசியாற வர்றீங்களா, இல்ல கரண்டி வரட்டுமா?"